சட்டத்தைத் தின்ற பெரியப்பா

1

ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில், திருகோணமலையில், பட்டப்பகலில், நழுவப்போகிற காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டியபடி ஒரு மானிடம் "கொஞ்சம் நில்லுங்கோ" என்று மன்றாடியிருக்கிறேன். மானுக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசினேன். அந்த நேரத்தில் அதன் கொம்பில் சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. மரியாதை இல்லாமல் பேச எனக்குத் துணிவு வரவில்லை.

இதை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அதை நேரில் பார்த்தார்கள். மீதிப் பேருக்குப் பார்த்தவர்கள் நடித்தே காட்டிவிட்டார்கள். ஆனால் போன கிழமை இங்கே, சுவிஸில், எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு காட்போட் கட்டு என்னைத் தேடி வந்ததுபோல் தனியாக நின்றது.

இந்த நாட்டில் பழைய பெட்டிகளை மடித்து, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, குறித்த நாளில் வீதியோரம் வைக்க வேண்டும். நான் மடித்தேன். குறித்த நாளில் வைத்தேன். நூலுக்குப் பதிலாக ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டேன். நகரசபை வண்டி அயலவர்களின் கட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு என்னுடையதை மட்டும் விட்டுப் போயிருந்தது. மேலே ஒரு மஞ்சள் ஸ்ரிக்கர். மேல்வீட்டு மனுசி அந்தக் கட்டைச் சுற்றி விலகி நடந்தார், அதற்கு அம்மை போட்டிருப்பதுபோல.

முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கும் என் மகள் ஆரணி ஸ்ரிக்கரை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அப்பா, நூல் எண்டு போட்டிருக்கு. நூல் உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். நூல் என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் ஒட்டுநாடா. திருகோணமலையில் இந்தக் கட்டை வீதியில் வைத்திருந்தால் ஸ்ரிக்கர் ஒட்ட யாரும் வந்திருக்கமாட்டார்கள்; வேறொருவர் வந்து தின்றுவிட்டுப் போயிருப்பார். அவரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

விதிகள் விடயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சுவிஸுக்கு வந்த புதிதில் என்னைப் பயமுறுத்தியவை பனியும் மலையும் அல்ல, நிலக்கீழ் அறையில் இருக்கும் பொது உடுப்புத் தோய்க்கும் இயந்திரம்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு முறை உண்டு. முறை தவறினால் அடுத்த முறை வரும்வரை அழுக்கோடு வாழ வேண்டும். முதல் தடவை பக்கத்து வீட்டுக்காரரிடம் ஜேர்மன் மொழியில், இன்று என் தோய்க்கும் முறை என்று சொல்லப்போய், இன்று நான்தான் தோய்க்கும் இயந்திரம் என்று சொல்லிவிட்டேன். அவர் நிதானமாக யோசித்துவிட்டு எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

காலப்போக்கில் நான் தேறினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போத்தல்களைக் கண்ணாடித் தொட்டியில் போடக் கூடாது, சத்தம் கேட்கும். மத்தியான நேரத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இப்படி நூறு விடயம். ஊருக்குப் போனால் இவற்றை எடுத்துச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. திருகோணமலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட, வரிசை என்பது என்ன என்று பக்கத்தில் நிற்பவருக்கு விளக்கத் தொடங்குவேன். விளக்கி முடிப்பதற்குள் அவர் ஏறிப் போய்விடுவார். நான் அடுத்த பஸ்ஸில் வருவேன்.

ஆரணி வேறு வகை. அவள் சுவிஸிலேயே பிறந்தவள். எனக்கு விதி என்பது மனப்பாடம், அவளுக்கு அது மூச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரே ஒரு போத்தலைத் தொட்டிக்குள் மெதுவாக நழுவவிட்டதற்காக அன்று முழுவதும் என்னோடு அவள் கதைக்கவில்லை. தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவுகிறது. "நான் வந்தனான்" என்பதை "நான் வந்தது" என்பாள். கோபம் வந்தால் முழுக்கச் சுவிஸ் ஜேர்மன்தான். நான் பதில் சொல்வதற்குள் அவள் கோபமே ஆறிவிடும்.

இங்கே பாலர் வகுப்புப் பிள்ளைகள் வீதியில் போகும்போது கழுத்தில் மினுங்குகிற செம்மஞ்சள் பட்டி ஒன்றைப் போடுவார்கள், வாகனக்காரர் கண்ணில் படட்டும் என்று. ஆரணி அதை ஊருக்கும் எடுத்துப் போனாள். நிலாவெளிக் கடலுக்கும் போட்டுக்கொண்டு போனாள். கோயிலுக்குப் பட்டுப் பாவாடைக்கு மேல் போட்டாள். கடலில் வாகனம் வராது என்று சொல்லிப் பார்த்தேன். தூரத்தில் வள்ளம் ஒன்றைக் காட்டினாள்.

3

என் தங்கை சுகந்தி, துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில் முன்பள்ளி நடத்துகிறாள். வீட்டு முன்கூடம்தான் வகுப்பு. முற்றத்தில் ஒரு வேப்பமரம், ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கி, ஒரு இரும்புக் கேற். கேற்றில் நின்று பார்த்தால் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஏதாவது ஒரு கப்பலின் முதுகு தெரியும்.

நாங்கள் விடுமுறைக்குப் போயிருந்த யூலை மாதத்தில் அந்தப் பள்ளியின் அங்கீகாரம் முடிகிற நிலையில் இருந்தது. அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, பிள்ளைகள் ஒழுங்காகவும் பாதுகாப்பாகவும் இருக்கிறார்கள் என்று சொன்னால்தான் புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் மாத முடிவோடு கேற்றைப் பூட்ட வேண்டும். அவரும் வருகிறேன் வருகிறேன் என்று வராமல் இருந்துவிட்டு, ஒரு நாள் காலை திடீரென்று அழைத்தார். அலுவலக வாகனம் பழுது, யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனால் இன்றைக்கே வரலாம் என்றார். உதவி ஆசிரியை கொப்பளிப்பான் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தாள். சுகந்தியே ஓட்டோ பிடித்துப் போனால்தான் உண்டு. வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே வளர்ந்த ஆள் நான்.

சுகந்தி என்னையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது.

"அண்ணா, போன உடன வந்திருவன். கேற்றைத் திறக்க வேண்டாம். சாப்பிட ஒண்டும் குடுக்க வேண்டாம். கனக்கக் கதைக்கவும் வேண்டாம்."

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"இருங்கோ."

இந்தக் கிழமைப் பாடம் என்ன என்று கேட்டேன். எங்களுக்கு ஏன் விதியும் சட்டமும் வேண்டும் என்பதுதான் பாடம் என்றும், அதைத் தான் வந்து அதிகாரிக்கு முன்னால் செய்துகாட்டப்போவதாகவும், நான் சும்மா இருந்தால் அதுவே பெரிய உதவி என்றும் சொல்லிவிட்டு அவள் ஓட்டோவில் ஏறினாள்.

சுவிஸிலிருந்து வந்தவனிடம், இன்றைய பாடம் சட்டம், ஆனால் நீ வாய் திறக்காதே என்பது, தயிருக்குப் பெயர்போன கிண்ணியாக்காரரின் முன்னால் தயிர்ச்சட்டியை வைத்துவிட்டு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள் என்பதைப் போன்றது. ஓட்டோ ஒழுங்கை திரும்புவதற்குள் நான் பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

4

சமூகம் எப்படி உண்டானது, மனிதன் ஏன் சட்டத்துக்குத் தலைவணங்கினான் என்பதைப் பற்றித் தடித்த புத்தகங்கள் சில வாசித்திருக்கிறேன். அவற்றை ஐந்து வயதுக்கு ஏற்றபடி சுருக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

முதலில் ஊர் உதாரணம். நிலாவெளியில் கரைவலை இழுக்கிறபோது, கயிற்றில் கை வைத்து இழுத்த எல்லாருக்கும் கறிக்கு மீன் கொடுப்பார்கள், அது எழுதாத சட்டம் என்றேன். கயிறு வேண்டுமே என்று என் இடுப்பிலிருந்த பெல்ற்றைக் கழற்றிக் கொடுத்தேன். பிள்ளைகள் பிடித்து இழுத்தார்கள். டிலுக்சன் என்றொரு பயல், அவனுடைய தகப்பன் கரைவலைக்காரர், என்னைத் திருத்தினான்.

"மாமா, சும்மா கை வச்சாத் தரமாட்டினம். இழுக்கோணும். வெளிநாட்டு ஆக்கள் வந்து கயித்தைப் பிடிச்சுக்கொண்டு படம் எடுப்பினமாம். அவைக்கு மீன் இல்லை எண்டு அப்பா சொல்லுறவர்."

முந்தின நாள்தான் நான் அப்படி ஒரு படம் எடுத்திருந்தேன். பேச்சை மாற்றினேன்.

"சட்டமே இல்லாத ஒரு ஊர் இருக்கெண்டு வையுங்கோ. ஆரும் என்னவும் செய்யலாம். அந்த ஊர் எப்பிடி இருக்கும்?"

பயம் பரவட்டும் என்று கொஞ்சம் இடைவெளி விட்டேன். முன்வரிசையில் நஸ்ரின் என்ற பெண்பிள்ளை. அந்தப் பள்ளியின் உண்மையான தலைமை அவள்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

"நல்லா இருக்கும்," என்றாள்.

"எந்த பஸ்ஸில போறது?" என்று கேட்டான் டிலுக்சன்.

நேரில் காட்டினால்தான் விளங்கும் என்று முடிவு செய்தேன். நான் கை தட்டியதிலிருந்து இந்த முற்றத்தில் ஒரு விதியும் கிடையாது என்று அறிவித்தேன். தடித்த புத்தகங்களின்படி, விதியில்லாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் பயந்து, துன்பப்பட்டு, கடைசியில் எங்களுக்கு ஒரு சட்டம் தாருங்கள் என்று கெஞ்ச வேண்டும். இந்தப் பிள்ளைகள் அந்தப் புத்தகங்களை வாசித்திருக்கவில்லை. அவர்கள் மிகவும் சந்தோசமாக இருந்தார்கள். பெல்ற் கோச்சியாகி, ரயில்போல் கூவிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடத் தொடங்கியது. பிஸ்கற் தகரம் திறந்தது. என் கண்ணாடியை யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். யார் என்று பார்க்க எனக்குக் கண்ணாடி இல்லை. துன்பப்பட்டது இரண்டே பேர். ஒருவர் நான். மற்றது ஆரணி. அவள் வேப்பமரத்தடியில் பட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ரயில் பிந்திய சுவிஸ்காரியைப்போல் நின்றாள்.

"அப்பா, இது எப்ப முடியும்?"

சறுக்கியின் உச்சியில் முடிந்தது. நஸ்ரின் தள்ள, டிலுக்சன் மணலில் விழுந்து, முழங்கால் உரஞ்சி, துறைமுகத்துக்குக் கேட்கிற மாதிரி அழுதான். கோச்சி நின்றது. நஸ்ரின் அவனுடைய முழங்காலைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு என்னிடம் வந்து, தள்ளக் கூடாது என்று ஒரு சட்டம் போட வேண்டும் என்றாள். தள்ளியவளே சட்டத்தையும் கொண்டுவந்தாள். புத்தகங்கள் முழுவதும் பிழையில்லை என்று என் மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை.

உடனே பாராளுமன்றம் கூடியது. வரிசையில் தள்ளக் கூடாது: ஏகமனதாக நிறைவேறியது. விழுந்தவருக்கு ஊஞ்சலில் முதல் முறை: டிலுக்சன் இரண்டு கையும் தூக்கினான், நிறைவேறியது. மாமாவின் கண்ணாடியைத் திருப்பித் தர வேண்டும் என்று நான் கொண்டுவந்த சட்டம் தோற்றது. என் மகளும் கை தூக்கவில்லை. பிறகு நஸ்ரினோடு பேச்சுவார்த்தை நடத்தி, மாமா நீளமாகக் கதைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தால் கண்ணாடியைத் தரலாம் என்ற உடன்பாட்டுக்கு வந்தோம். பெல்ற் பற்றிய என் கோரிக்கை தள்ளுபடியானது. கோச்சி இன்னும் கொழும்புக்குப் போய்ச் சேரவில்லையாம்.

எழுத வாசிக்கத் தெரியாத மக்களுக்குச் சட்டம் படமாகத்தான் இருக்க வேண்டும். கைப்பணிக்கென்று சுகந்தி மாப்பசை காய்ச்சி, பயறும் இலையும் தட்டில் எடுத்து வைத்திருந்தாள். ஒரு பெரிய பிரிஸ்டல் மட்டையில் பயற்றம் மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். இலைகளால் ஊஞ்சல். நான்காவது சட்டத்துக்குப் பயறு முடிந்துவிட்டதால், நஸ்ரின் கலர்ப் பென்சிலால் ஒரு பெரிய வாயைக் கீறி, அதன் மேல் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி போட்டாள்.

அதிகாரி வந்து இறங்கும்போதே கண்ணில் பட வேண்டும் என்று மட்டையைக் கேற்றில் வெளிப்பக்கமாகக் கட்டினேன். சுவிஸ் முறைப்படி, நூலால், குறுக்கும் நெடுக்கும். நஸ்ரின் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதில கட்டக் கூடாது, மாமா. ரீச்சர் கட்டமாட்டா."

"அது எங்கட சட்டத்தில இருக்கா?"

அவள் மட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இல்ல," என்றாள்.

"பாத்தீங்களா," என்றேன். அந்த ஒரு சொல்லுக்கே என்னை நாடு கடத்தியிருக்க வேண்டும்.

5

வெளியூர்க்காரருக்காக ஒரு வரி. திருகோணமலை நகரத்தில் புள்ளிமான்கள் எங்களைப்போலவே வீதியில் திரியும். கடை வாசலில் நிற்கும், பஸ் நிலையத்தில் படுத்திருக்கும். அவற்றை யாரும் துரத்துவதில்லை, யாரும் அவற்றுக்கு ஹோர்ன் அடிப்பதுமில்லை. மான் வீதியைக் கடந்தால் லொறியும் நிற்கும், லொறிக்குப் பின்னால் அமைச்சர் வந்தாலும் அவரும் நிற்பார். இதற்கு ஒரு பலகையும் கிடையாது, ஸ்ரிக்கரும் கிடையாது. நான் அங்கேயே வளர்ந்தவன், இதையெல்லாம் அறிந்தவன். மாவும் பயறும் இலையும் சேர்த்து, மானின் வாய் உயரத்துக்கு, வீதியைப் பார்க்கக் கட்டினேன். சுவிஸ்காரன் யாரும் இந்தப் பிழையைச் செய்ய முடியாது. அதற்குத் திருகோணமலையில் பிறந்து, பிறகு அதை மறந்திருக்க வேண்டும்.

"பெரியப்பா வந்திட்டார்," என்று ஒரு குரல் கேட்டது.

யாரோ பிள்ளையின் பெரியப்பா கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று நினைத்து, சட்டைப் பொத்தானைப் பூட்டி, முகத்தை மலர்த்தி, கேற்றுக்குப் போனேன். கொம்போடு ஒரு ஆண் மான், ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது. அந்த ஒழுங்கைக்கு மூத்தது என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். முதலாம் சட்டம் ஏறக்குறைய முழுவதும் வாய்க்குள் போயிருந்தது. பயற்றம் மனிதர்களில் கடைசி ஆள் போய்க்கொண்டிருந்தார்.

பின்னால் ஒரு சின்ன அசைவு. டிலுக்சன், முழங்காலில் மண்ணோடு, நஸ்ரினை ஒரு தள்ளுத் தள்ளினான்.

"சட்டம் முடிஞ்சுது. பெரியப்பா திண்டுட்டார்."

ஒரு நாகரிகம் என் கண் முன்னால் சரியப் போகிறது என்று நினைத்தேன். நஸ்ரின் திருப்பித் தள்ளவில்லை. மானின் வயிற்றைப் பார்த்து யோசித்தாள்.

"முடியல்ல. உள்ளுக்க இருக்கு," என்றாள். "அவர்ட்டத்தான் இருக்கு."

டிலுக்சனும் வயிற்றைப் பார்த்தான். தள்ளிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. பெரியப்பா தலையை உயர்த்த, நான் குறுக்கும் நெடுக்கும் கட்டிய நூல் அவருடைய கொம்பில் மாட்டிக்கொண்டது. மிச்சச் சட்டத்தைத் தலையில் தொங்கவிட்டபடி, அவசரம் ஏதுமில்லாமல், அவர் ஒழுங்கையில் நடக்கத் தொடங்கினார்.

அதிகாரி வரும் நேரம். சட்டத்தை மீட்டாக வேண்டும். நான் மட்டும் வெளியே போய், அதை எடுத்துக்கொண்டு திரும்புவது என்று தீர்மானித்தேன். நான் மட்டும். எந்த நீதிமன்றத்திலும் இதைச் சொல்வேன். கேற்றைத் திறந்தேன். அதைச் சாத்த இன்னொரு கை வேண்டியிருந்தது. அந்தக் கை காற்சட்டையில் இருந்தது.

6

கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது எனக்கு உயிர் போய் வந்தது. பள்ளி முழுவதும் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, ஒரே வரிசையில், சத்தமில்லாமல். முன்னுக்கு ஆரணி, செம்மஞ்சள் பட்டியோடு. அவளுக்குப் பின்னால் நஸ்ரின். சட்டம் எங்கே போகிறதோ அங்கே வரிசையும் போக வேண்டும் என்று அவர்களுக்குள் முடிவாகியிருந்தது.

சத்தம் போட்டால் மான் பாயும். மான் பாய்ந்தால் பிள்ளைகள் சிதறுவார்கள். சுகந்தியின் முகம் நினைவுக்கு வந்தது. அவளுடைய பள்ளி முழுவதும் இப்போது ஒழுங்கையில் ஒரு மானின் வாலுக்குப் பின்னால் இருக்கிறது. அதை அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஆள் ஒரு கையை மட்டும் வைத்திருக்கிறார். என் வாழ்க்கையில் முதல்தடவையாக, கதைக்காமல் நடந்தேன்.

ஒழுங்கை இன்னொரு வீதியோடு சேர்கிற இடத்தில் பெரியப்பா நடுவில் நின்றார். ஆரணி வீதியோரத்தில் கையை உயர்த்தினாள். வரிசை நின்றது. சுவிஸில் வீதி கடக்கிற முறையை அவள் தன்னுடைய தமிழில் சொல்வது எனக்குக் கேட்டது. "நிக்கிறது. பாக்கிறது. கேக்கிறது. பிறகு போறது." பின்னால் அத்தனை வாயும் அதைத் திருப்பிச் சொன்னது. எல்லாத் தலையும் வலது பக்கம் திரும்பியது, இடது பக்கம் திரும்பியது.

நான் நிற்கவில்லை, பார்க்கவில்லை, கேட்கவில்லை. மட்டை கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. நேரே நடு வீதிக்குப் போய், கையை நீட்டி, முதல் பந்தியில் சொன்ன அந்த வசனத்தைச் சொன்னேன்.

"அப்பா, நீங்கள் பிழை," என்றாள் ஆரணி. கோபம் இல்லை. தகவலாகச் சொன்னாள்.

அப்போதுதான் ஓட்டோவைக் கண்டேன். மானுக்கு அந்தப் பக்கத்தில், ஊர் வழக்கப்படி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் மடியில் குடையும் கீரைக்கட்டுமாக ஒரு அம்மா, அதிகாரி அவர்தான். பக்கத்தில் சுகந்தி. என் தங்கையை அவள் பிறந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு நிறத்தில் பார்த்ததில்லை.

பெரியப்பாவுக்குக் கீரை மணத்தது. ஓட்டோவுக்குள் தலையை விட்டார். ஓட்டோக்காரர் எட்டி, கொம்பிலிருந்து நூலை எடுத்து, மட்டையை என்னிடம் நீட்டினார். நான் வாங்க ஒரு கையைக் கொடுத்தேன். எந்தக் கையை என்று ஒரு கணம் குழம்பியதில் ஏற்பட்ட விளைவை இங்கே விவரிக்கத் தேவையில்லை. மட்டையை அதிகாரி வாங்கிக்கொண்டார் என்பது மட்டும் போதும்.

அதில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு சட்டம். பயறு இல்லாததால் பெரியப்பா தொடாமல் விட்டது.

அதிகாரி இறங்கினார். பெரிய புள்ளடி போட்ட அந்த வாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்ததும், கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு வரிசையிடம் போனார். சுகந்தி ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எல்லாம் நஸ்ரின் கையில்.

"ஏன் பிள்ளை இப்பிடி வரிசையில நிக்கிறீங்கள்?"

"தள்ளினாப் பெரியப்பா ஓடிருவார்."

"ஓடினா என்ன?"

"சட்டம் அவர்ட்ட வயித்துக்க. அதும் போயிரும்."

"போனாப் போகட்டுமே. சட்டம் இல்லாட்டி என்ன?"

நஸ்ரின் டிலுக்சனின் முழங்காலைப் பார்த்தாள். "அவன் விழுவான்," என்றாள். பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்து, இன்னும் மோசமான ஒன்று இருப்பது ஞாபகம் வந்தவளாக, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பிறகு மாமா திரும்பவும் முதல்ல இருந்து கதைப்பார்."

அதிகாரி குடையை விரித்தார். வெயில் அவ்வளவு இல்லை. குடை தன் முகத்துக்கு முன்னால் இருக்கும்படி பிடித்துக்கொண்டார். குடை கொஞ்ச நேரம் குலுங்கியது.

7

பிள்ளைகள் வந்த மாதிரியே வரிசையில் திரும்பினார்கள், ஆரணியின் முறைப்படி நின்று, பார்த்து, கேட்டு. கடைசியாக நான். அதிகாரி தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார், கழிவறையைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், நஸ்ரினிடம் இன்னும் ஏதோ கேட்டார். போகும்போது, பள்ளி தொடர்ந்து நடக்கலாம் என்றும், இவ்வளவு சின்னப் பிள்ளைகள் இப்படி நடந்து தான் கண்டதில்லை என்றும், கேற்றுத் திறப்பு எப்போதும் ரீச்சரின் கையில்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கடைசி வசனத்தை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஓட்டோ போனதும் சுகந்தி கேற்றைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் என்னை அடிப்பாள். இரண்டும் இல்லை.

"அண்ணா, உங்களுக்கு ரிக்கற் எண்டைக்கு?"

"அடுத்த கிழமை."

"முந்திப் போகேலாதோ?"

அவள் அன்று இரவு எனக்குக் கணவாய்க் கறி வைத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். பெல்ற்றை நான் கேட்கவில்லை. கோச்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதாம். இப்போது மட்டக்களப்புக்கும் போகிறதாம். கேற்றில் புதுச் சட்டம் தொங்குகிறது என்று சுகந்தி படம் அனுப்பினாள். பசையில்லாமல் கீறிய கண்ணாடிக்காரர் ஒருவர், மேலே புள்ளடி. முகம் தெரிந்த முகமாக இருந்தது.

இங்கே அந்தக் காட்போட் கட்டைப் பிரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நூலால் கட்டிக்கொண்டிருந்தேன். எந்தக் கொம்பும் வராது என்று தெரிந்தும் இரண்டு தடவை வீதியைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஆரணி, அன்று வகுப்பில் ரீச்சர் தங்களிடமும் அதே கேள்வியைக் கேட்டதாகச் சொன்னாள். மனிதர்களுக்கு ஏன் விதிகளும் சட்டங்களும் வேண்டும்?

என் கை நின்றுவிட்டது. பிள்ளைகள் எங்களைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று நாங்கள் இங்கே கூடுகிற இடமெல்லாம் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் அந்த முற்றம், அந்த மான், அந்த வரிசை எல்லாம் அவளுக்குள் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும். அப்பா நடத்திய ஒரே ஒரு பாடம் அது.

"நீங்கள் என்னம்மா சொன்னீங்கள்?"

நூலின் முடிச்சுச் சரியா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அப்பா மாதிரி ஆக்கள் இருக்கிறதாலதான் எண்டு சொன்னது."